துறைமுக பைலட்: நம் மாணவர்களுக்கு நாம் சொல்லாத ஒரு பணி

(மாவட்ட அளவில் நடைபெற்ற உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘கடல்சார் படிப்புகளும் வேலைவாய்ப்புகளும்’. இதற்கு ஒரு நீண்ட பட்டியலே இருக்கிறது. அரை மணி நேரத்தில் அந்தப் பட்டியலை நான் படித்து முடித்தால், மதிய உணவுக்குப் பிறகு அதில் ஒன்றுகூட யாருக்கும் நினைவில் நிற்காது. எனவே ஒரே ஒரு பணியை எடுத்துக்கொண்டு அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதுதான் துறைமுக பைலட் பணி.

வகுப்பில் ‘பைலட்’ என்று சொல்லிப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் வானத்தைத்தான் காட்டுவார்கள். எங்கள் பள்ளியிலிருந்து பார்த்தால் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள் தெரியும். அப்படியிருந்தும் அங்கேயும் இதே பதில்தான் வந்தது. உண்மையில் விமானம் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சொல் கடலில் இருந்தது. நம் மொழியிலும் கப்பலைச் செலுத்துபவனுக்கு ‘மீகாமன்’ என்ற பழைய சொல் உண்டு.

பைலட் என்ன செய்கிறார்?

ஒரு சரக்குக் கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கப்பலின் கேப்டன் பல கடல்களைத் தாண்டி வந்தவர், அனுபவசாலி. ஆனால் துறைமுகத்துக்கு வெளியே வந்ததும் அவர் கப்பலை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார். ‘எனக்கு பைலட் தேவை’ என்பதற்கு மஞ்சளும் நீலமும் மாறி மாறி வரும் ‘ஜி’ கொடி ஒன்று உண்டு. துறைமுகத்திலிருந்து ஒரு சிறிய பைலட் படகு புறப்பட்டுப் போகிறது. அதில் போகும் பைலட் கப்பலில் ஏறியதும் வெள்ளையும் சிவப்புமான ‘எச்’ கொடி ஏறுகிறது. ‘பைலட் கப்பலில் இருக்கிறார்’ என்பது அதன் பொருள்.

அங்கிருந்து கப்பல் மேடையில் கட்டப்படும் வரை எந்தத் திசையில், எந்த வேகத்தில், எப்போது திரும்ப வேண்டும் என்பதைச் சொல்பவர் பைலட்தான். டக் என்று துறைமுகத்தில் சொல்லும் இழுவைக் கப்பல்களுக்கு எங்கே தள்ள வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று உத்தரவிடுபவரும் அவரே. கப்பல் திரும்பிப் போகும்போது வெளிக்கடல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு இறங்கி வருகிறார். ஒரே நாளில் அவர் கிரேக்க நாட்டுக் கேப்டனின் கப்பலிலும் ஏறலாம், பிலிப்பைன்ஸ் மாலுமிகள் இருக்கும் கப்பலிலும் ஏறலாம்.

உலகம் சுற்றிய கேப்டனுக்கு இந்தச் சில மைல்களுக்கு ஏன் இன்னொருவர் துணை என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. கேப்டனுக்குத் தன் கப்பல் தெரியும், ஆனால் இந்தத் துறைமுகம் தெரியாது. அவர் ஆண்டுக்கு ஒருமுறை இங்கே வரலாம், வராமலும் போகலாம். எந்த மாதத்தில் காற்று எப்படி அடிக்கும், நுழைவாயிலில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த இடத்தில் மணல் சேர்கிறது என்பதெல்லாம் அங்கேயே தினமும் வேலை செய்பவருக்குத்தான் தெரியும். நம் மீனவர்கள் நீரோட்டத்தை ‘நீவாடு’ என்பார்கள். கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருப்பார்கள். பைலட்டின் அறிவும் அதே வகையைச் சேர்ந்ததுதான்.

இதனால்தான் 1908ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகங்கள் சட்டமே, குறிப்பிட்ட துறைமுகங்களில் 200 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் பைலட்டோ அதற்குரிய துறைமுக அதிகாரியோ இல்லாமல் உள்ளே வரவும் வெளியே போகவும் கூடாது என்று விதித்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பைலட் ஏறியதும் கேப்டனின் பொறுப்பு போய்விடுவதில்லை. பெரும்பாலான துறைமுகங்களில் கப்பலின் தலைமை கேப்டனிடமேதான் இருக்கிறது. பைலட் வழிநடத்துகிறார். தவறு என்று தோன்றினால் கேப்டன் குறுக்கிடலாம், குறுக்கிடவும் வேண்டும். பனாமா கால்வாயில் மட்டும் பைலட்டே கப்பலின் கட்டுப்பாட்டை முழுமையாக எடுத்துக்கொள்ளும் நடைமுறை உண்டு.

கயிற்று ஏணி

இந்த வேலையில் மிக ஆபத்தான பகுதி கப்பலில் ஏறுவதும் இறங்குவதும்தான். ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கவாட்டில் கயிற்று ஏணி ஒன்றைத் தொங்கவிடுவார்கள். பைலட் படகு கப்பலை ஒட்டி அதே வேகத்தில் ஓடும். அலையில் படகு மேலே எழும்பும் அந்த நொடியில் பைலட் ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். தாமதித்தால் படகு கீழே இறங்கி, அடுத்த அலையில் மேலெழுந்து காலில் இடிக்கும். இரவிலும் மழையிலும் இதே ஏணிதான்.

கப்பல் பாதுகாப்புக்கான சோலாஸ் பன்னாட்டு ஒப்பந்தம் இந்த ஏணிக்கென்றே விதிகளை வகுத்திருக்கிறது. ஏற வேண்டிய உயரம் 9 மீட்டருக்கு மேல் போனால் கயிற்று ஏணியோடு கப்பலின் சாய்வுப் படிக்கட்டையும் சேர்த்து அமைக்க வேண்டும். 9 மீட்டர் என்பது ஏறத்தாழ மூன்று மாடி உயரம். இத்தனை விதிகள் இருந்தும் ஏணியிலிருந்து விழுந்து உயிரிழந்த பைலட்கள் உலகெங்கும் உண்டு. கயிறு இற்றுப்போயிருக்கும், அல்லது ஏணியைச் சரியாகக் கட்டியிருக்க மாட்டார்கள். காரணம் பெரும்பாலும் இவ்வளவு சிறியதாகத்தான் இருக்கிறது.

பாடப்புத்தகம் முழுவதும் அங்கே இருக்கிறது

அறிவியல் ஆசிரியர்களுக்காக இந்தப் பகுதியைச் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் இயக்க ஆற்றல் நடத்துகிறோம். நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டு சொல்லும்போது எப்போதும் பந்தும் காரும்தான் வருகின்றன. ஒருமுறை இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். சரக்கோடு சேர்த்து 50,000 டன் நிறையுள்ள கப்பல் 1 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 1.852 கிலோமீட்டர் வேகத்தில் மேடையை நெருங்குகிறது. நடைபழகும் குழந்தையின் வேகம் அது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 66 லட்சம் ஜூல். 10 டன் எடையுள்ள ஒரு பேருந்துக்கு அதே ஆற்றல் இருக்க வேண்டுமானால் அது மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். கப்பலின் வேகம் 4 நாட் ஆனால் ஆற்றல் 16 மடங்கு ஆகிவிடும். என் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கப்பலுக்கு பிரேக் கிடையாது. முழு வேகத்தில் போகும் பெரிய கப்பல், விசிறியைப் பின்பக்கமாகச் சுழற்றினாலும் நிற்பதற்குச் சில கிலோமீட்டர் ஓடும். வேகத்தைக் குறைத்தால் வேறொரு சிக்கல் வருகிறது. சுக்கான் வேலை செய்ய வேண்டுமானால் அதன் மீது தண்ணீர் பாய வேண்டும். வேகம் குறையக் குறைய சுக்கானின் பிடி தளரும். வேகமாகப் போனால் நிறுத்த முடியாது, மெதுவாகப் போனால் திருப்ப முடியாது. இரண்டுக்கும் நடுவே கொண்டுபோவதுதான் பைலட்டின் திறமை. அந்த இடத்தில்தான் டக்குகள் தேவைப்படுகின்றன.

அடுத்தது ஆர்க்கிமிடிஸ் தத்துவம். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1025 கிலோகிராம், நன்னீரின் அடர்த்தி 1000. கடலில் 10 மீட்டர் ஆழம் அமிழ்ந்திருக்கும் கப்பல், ஆற்றுக்குள் நுழைந்ததும் இன்னும் சுமார் 25 சென்டிமீட்டர் அமிழும். சரக்கு ஒரு கிலோகூடக் கூடவில்லை. ஆனால் கப்பலின் அடிக்கும் ஆற்றின் தரைக்கும் இடையே ஒரு மீட்டர்தான் இடைவெளி என்றால், அந்த 25 சென்டிமீட்டர் மிகப் பெரிய அளவு. ஆழம் குறைந்த இடத்தில் வேகமாகப் போனாலும் கப்பல் இன்னும் கீழே இறங்கும். கப்பலுக்கு அடியில் தண்ணீர் விரைந்து பாயும்போது அழுத்தம் குறைவதே அதற்குக் காரணம். பெர்னூலி தத்துவத்துக்கு இதைவிடப் பெரிய செய்முறை கிடையாது.

புவியியல் ஆசிரியர்களுக்கு ஓதம் இருக்கிறது. தூத்துக்குடியில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஹூக்ளி ஆற்றில் அது பல மீட்டர். ஒரே தொழில்தான், ஆனால் இங்கே உள்ள பைலட் முதலில் பார்ப்பது காற்றை, அங்கே உள்ளவர் முதலில் பார்ப்பது ஓத அட்டவணையை. தூத்துக்குடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம். உள்ளே தண்ணீர் அமைதியாக இருக்கும், ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றை அந்தச் சுவர் தடுக்காது. கண்டெய்னர்களை அடுக்கிய கப்பல் ஒரு பெரிய பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும்.

பழைய தொழில்

வரலாற்று ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ என்ற நூலை நாம் சேரநாட்டு முசிறியைப் பற்றிச் சொல்லும்போது குறிப்பிடுகிறோம். அதே நூலில் குஜராத்தின் பரிகாசா, அதாவது இன்றைய பரூச் துறைமுகத்தைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது. அந்த வளைகுடாவில் ஓதம் கடுமையாக இருப்பதாலும் மணல்திட்டுகள் இருப்பதாலும், மன்னரின் பணியில் இருந்த உள்ளூர் மீனவர்கள் பெரிய படகுகளில் வெளியே வந்து, வரும் கப்பல்களை எதிர்கொண்டு உள்ளே வழிநடத்திக் கொண்டுபோனார்களாம். இன்றைய பைலட்டின் வேலையும் இதுதான். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டில் அரசுப் பணியில் பைலட்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் மீனவர்கள். கடலோரப் பள்ளியில் பாடம் நடத்துபவர்கள் இந்த ஒரு வரியையாவது பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் மிகக் கடினமான பைலட் பணி ஹூக்ளி ஆற்றில் என்பார்கள். வங்காள விரிகுடாவில் சேண்ட்ஹெட்ஸ் என்ற இடத்திலிருந்து கொல்கத்தா வரை 200 கிலோமீட்டருக்கு மேல் வழி. மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். 1694இல் ‘ராயல் ஜேம்ஸ் அண்டு மேரி’ என்ற கப்பல் அங்கே ஒரு திட்டில் மோதி அழிந்தது. அந்தத் திட்டுக்கு இன்றும் அதே பெயர்தான். அந்த ஆற்றில்தான் சென்னையைச் சேர்ந்த ரேஷ்மா நிலோஃபர் நாஹா 2018இல் பைலட்டாகத் தகுதி பெற்றார். இந்தியாவின் முதல் பெண் ஆற்று பைலட் அவர். நாரி சக்தி புரஸ்கார் விருதும் பெற்றவர். நம் பெண் பிள்ளைகளிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

திருப்பிச் சொல்லுதல்

என் முன்னாள் மாணவர் ஒருவர் மூலம், ஓய்வுபெற்ற பைலட் ஒருவரை ஒருநாள் சந்தித்தேன். கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் உத்தரவு எப்படிப் போகும் என்று அவர் எனக்கு நடித்தே காட்டினார். பைலட் ‘ஸ்டார்போர்டு டென்’ என்று சொல்கிறார். அதாவது சுக்கானை வலப்பக்கம் பத்து பாகை திருப்ப வேண்டும். சுக்கான் பிடிப்பவர் ‘ஸ்டார்போர்டு டென்’ என்று அதையே திருப்பிச் சொல்கிறார். திருப்பி முடித்ததும் திருப்பிவிட்டதாக மறுபடியும் சொல்கிறார். பைலட் வாயால் சொன்னதோடு நிறுத்தாமல், சுக்கான் காட்டியில் முள் நகர்ந்திருக்கிறதா என்று கண்ணாலும் பார்க்கிறார். பல நாட்டவர் பல உச்சரிப்பில் பேசும் இடம் என்பதால், பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு இதற்கென நிலையான ஆங்கிலத் தொடர்களையே வகுத்து வைத்திருக்கிறது.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் வகுப்பறையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நான் “புரிந்ததா?” என்று கேட்பேன். பிள்ளைகள் “புரிந்தது சார்” என்பார்கள். பாடம் முடிந்துவிடும். ஒருவரையாவது திருப்பிச் சொல்லச் சொன்னேனா? முள் நகர்ந்ததா என்று பார்த்தேனா?

இந்தப் பேச்சு முறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 2024 மார்ச் 26 அதிகாலை, அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து ‘டாலி’ என்ற 300 மீட்டர் நீளமுள்ள கண்டெய்னர் கப்பல் புறப்பட்டது. அதன் 21 பணியாளர்களில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். உள்ளூர் பைலட் கப்பலில் இருந்தார். பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தை நெருங்கும்போது கப்பலில் மின்சாரம் போய்விட்டது. சுக்கானும் இல்லை, விசிறியும் இல்லை. அந்தச் சில நிமிடங்களில் பைலட் டக் உதவி கேட்டார், நங்கூரத்தைப் போடச் சொன்னார், பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தும்படி கரைக்குத் தகவல் அனுப்பினார். காவலர்கள் உடனே இரு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார்கள். கப்பல் மோதிப் பாலம் விழுந்தது. பாலத்தில் சாலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் ஆறு பேர் இறந்தார்கள். அந்தத் தகவல் போயிராவிட்டால் இறந்தவர்களின் எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கும்.

நம் கரையிலும் 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய்ப் படலத்தை மக்கள் வாளியில் அள்ளியதை நாம் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். கடலில் ஒரு தவறு நடந்தால் அது கப்பலோடு நின்றுவிடுவதில்லை. கரையில் வலை காயப்போடும் குடும்பம் வரை வந்து சேரும்.

எப்படி ஆவது?

பைலட் ஆவதற்கு நேராகச் சேரும் கல்லூரி எதுவும் கிடையாது. முதலில் கப்பல் அதிகாரியாக வேண்டும். பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் படி நம் கையில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் உள்ள பிரிவை எடுத்திருக்க வேண்டும். கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்த பிள்ளைக்கு இந்தக் கதவு ஜூன் மாதத்திலேயே மூடிவிடுகிறது. பிளஸ் டூவில் இந்த மூன்று பாடங்களிலும் சேர்த்துச் சராசரியாக 60 விழுக்காடு வேண்டும். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ ஆங்கிலத்தில் 50 விழுக்காடும் வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த ஆங்கில மதிப்பெண்ணில்தான்.

அடுத்தது இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் பொது நுழைவுத் தேர்வு. 2008இல் தொடங்கப்பட்ட இந்த மத்தியப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் வேறெங்கோ இல்லை, நம் சென்னையில்தான் இருக்கிறது. மூன்றாண்டு பி.எஸ்சி. நாட்டிக்கல் சயின்ஸ் படிப்பில் சேரலாம், அல்லது ஓராண்டு டிப்ளமோவில் சேரலாம். டிப்ளமோவுக்குப் பெரும்பாலும் ஒரு கப்பல் நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் தேவைப்படும். வயது வரம்பும் மற்ற நிபந்தனைகளும் அவ்வப்போது மாறக்கூடியவை. எனவே அந்தந்த ஆண்டின் அறிவிப்பை நேரடியாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதன்பின் கடலில் கேடட்டாகப் பயிற்சி. பிறகு செகண்ட் மேட், ஃபர்ஸ்ட் மேட், மாஸ்டர் என்று கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் தகுதிச் சான்றிதழ்த் தேர்வுகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே கட்டாயக் கடற்பணிக் காலம் இருக்கிறது. மாஸ்டர் சான்றிதழ் கைக்கு வரும்போது வயது முப்பதை நெருங்கிவிடும். நம் பெருந்துறைமுகங்களில் பைலட் பதவிக்குப் பொதுவாக இந்த மாஸ்டர் சான்றிதழையும் கடல் அனுபவத்தையும் கேட்கிறார்கள். ஹூக்ளியில் பயிற்சி பைலட்டாகச் சேர்ந்து படிப்படியாக உயரும் தனி முறை உண்டு. எந்தத் துறைமுகமாக இருந்தாலும் மூத்த பைலட்டோடு கூடவே போய், பகலிலும் இரவிலும் பல கப்பல்களைக் கொண்டுவந்து பார்த்து, தேர்ச்சி பெற்ற பிறகுதான் உரிமம் கிடைக்கும். ஒரு துறைமுகத்தின் உரிமத்தை வைத்துக்கொண்டு இன்னொரு துறைமுகத்தில் பைலட் வேலை செய்ய முடியாது. அங்குள்ள நீரை அவர் மறுபடியும் படிக்க வேண்டும்.

செலவையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். படிப்புக் கட்டணம் லட்சங்களில்தான் வரும். வங்கிக் கல்விக் கடன், உதவித்தொகை பற்றியெல்லாம் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். கப்பலில் வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஆட்கள் கடலோரத்தில் நிறைய உண்டு. வேலைக்கு ஆள் சேர்க்கும் நிறுவனத்துக்கு அரசு உரிமம் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனம் வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. பயிற்சி நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டதா என்பதைத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். ஐந்து நிமிட வேலைதான். அந்த ஐந்து நிமிடத்தை ஒரு பெற்றோருக்காக நாம் செலவிட்டால் அவர்கள் வீட்டு நகை தப்பும்.

நான் தவறவிட்டது

இவ்வளவும் சொல்லும் நான் இந்தத் துறையைப் பற்றி ஏன் படிக்கத் தொடங்கினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு மாணவர் படித்தார். அப்பா விசைப்படகில் வேலை செய்பவர். பையன் கணக்கில் கெட்டிக்காரன். காற்றைப் பார்த்து மறுநாள் படகு போகுமா போகாதா என்று சொல்லிவிடுவான். கப்பல் கேப்டன் ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. எங்கள் பள்ளியில் யாரும் வழிகாட்டாமலேயே விண்ணப்பித்து நுழைவுத் தேர்விலும் தேறினான். முதல் கட்டணத்துக்காக அம்மாவின் நகை அடகுக்குப் போனது. பிறகு மருத்துவப் பரிசோதனை நடந்தது. புள்ளிகளால் ஆன வட்டப் படங்களைக் காட்டி உள்ளே தெரியும் எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். அவனுக்கு எந்த எண்ணும் தெரியவில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு. கப்பலின் தளப் பிரிவுக்கு அது முழுத் தடை.

விதியைக் குறை சொல்ல முடியாது. இரவில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. நம் நாட்டில் துறைமுகத்துக்குள் நுழையும்போது கால்வாயின் இடப்பக்க மிதவை சிவப்பு, வலப்பக்க மிதவை பச்சை. இந்த இரண்டு நிறங்களும் ஒன்றுபோலத் தெரிந்தால் என்ன ஆகும்?

அவன் வந்து என்னிடம் சொன்னபோது எனக்கு ஒரு நாள் நினைவுக்கு வந்தது. பத்தாம் வகுப்பு செய்முறை. பிஎச் தாளைக் கரைசலில் நனைத்து அதன் நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு எண் எழுத வேண்டும். அவன் திரும்பத் திரும்பத் தவறாகவே எழுதினான். பச்சை நிறத்துக்கு ஆரஞ்சு நிறத்தின் எண்ணை எழுதியிருந்தான். “கண்ணைத் திறந்து பார்த்து எழுது” என்று வகுப்பின் நடுவே திட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் பக்கத்து மாணவனின் எண்ணைப் பார்த்து எழுதக் கற்றுக்கொண்டான். நானும் அவன் திருந்திவிட்டான் என்று நினைத்தேன்.

அன்றே எனக்கு விளங்கியிருந்தால் அவனுக்கு மூன்று ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும், வேறு திசையில் யோசிக்க நேரம் கிடைத்திருக்கும். மரபியல் பாடத்தில் நிறக்குருடு எக்ஸ் குரோமோசோம் சார்ந்தது, ஆண்களிடம் அதிகம் என்று நடத்துபவர்கள் நாம். அப்படிப்பட்ட பிள்ளை நம் முன்பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம் என்பது மட்டும் நமக்குத் தோன்றுவதில்லை.

அவர் இன்று ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். எந்தக் கப்பல் எப்போது வரும், அதற்கு பைலட் எப்போது ஏறுவார் என்பதெல்லாம் அவர் கையில்தான். நான் சந்தித்த ஓய்வுபெற்ற பைலட்டை எனக்கு அறிமுகம் செய்தவர் அவரே. அவருக்கு என் மீது கோபம் இல்லை. எனக்குத்தான் அந்தப் பிஎச் தாள் இன்னும் மறக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

நான் உங்களிடம் கேட்பது நான்கே நான்கு.

ஒன்று, எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளின் நிறப்பார்வையைச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ அரசு மருத்துவமனைக் கண் பிரிவிலோ கேளுங்கள். முடிவைத் தனியாக, பெற்றோரையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். நிறக்குருடு ஒரு நோய் அல்ல. துறைமுக மேலாண்மை, சரக்குப் போக்குவரத்து, கடல்சார் சட்டம் போன்ற துறைகளில் அவர்களும் உயரலாம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வண்ணம் தீட்டும்போது மரத்தின் இலைக்கு எப்போதும் பழுப்பு நிறத்தை எடுக்கும் குழந்தையைத் திட்டாமல் கவனியுங்கள்.

இரண்டு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, எந்தப் பிரிவு எந்தப் படிப்புக்குக் கொண்டுபோகும் என்பதைப் பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். சேர்க்கை நாளன்று வரிசையில் நிற்கும்போது சொல்லிப் பயனில்லை.

மூன்று, ஆங்கிலத்தில் ஐம்பது மதிப்பெண் என்பதைத் தேர்ச்சிக் கணக்கோடு மட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பின்னால் தேவைப்படும் பேச்சு ஆங்கிலத்துக்கு இப்போதே வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்.

நான்கு, கடலோரப் பிள்ளைகளின் அறிவை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். நீவாடு என்றால் என்ன, கச்சான் எப்போது அடிக்கும் என்று அவர்களைக் கேளுங்கள். ஆசிரியருக்குத் தெரியாததை மாணவர் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பத்து நிமிடம் அவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

கப்பலில் ஏறும் பைலட்டையும் வகுப்புக்குள் நுழையும் ஆசிரியரையும் ஒப்பிட்டு நிறையப் பேசலாம். நான் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கப்பல் பைலட்டுக்குச் சொந்தமில்லை. எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்பவரும் அவர் இல்லை. தனக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சில மைல் தூரத்துக்கு, திட்டு எங்கே இருக்கிறது என்று சரியான நேரத்தில் சொல்ல வேண்டியதுதான் அவர் கடமை. என் மாணவர் ஒருவருக்கு அதை நான் நேரத்தில் சொல்லவில்லை. உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு நீங்கள் சொல்லிவிடுங்கள்.